"செட் போயிடுச்சு சார்" என்று சொல்வதற்கு முன்னால்: கார் ஸ்டீரியோ மாட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும், மற்ற ஊர்களில் பைபாஸ் ஓரத்திலும் கார் அக்சஸரீஸ் கடை வைத்திருக்கும் அண்ணன்களுக்கும், டேஷ்போர்டுக்குள் கையை விட்டு வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

கேட்க நினைப்பது ஒன்றுதான். ஸ்டீரியோ உயிரே இல்லாமல் ஒரு கார் வந்து நின்றால், புது செட் விலையைச் சொல்வதற்கு முன்னால் மீட்டரை எடுத்து மூன்று வயரை எங்கள் கண்ணெதிரே அளந்து காட்டுங்கள். அதற்கப்புறமும் செட்தான் போயிருக்கிறது என்றால் பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொள்கிறோம் (சரி, கொஞ்சம் பேசுவோம்).

என் மச்சான் காரில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய வண்டி, ஒரு நாள் திடீரென்று ஸ்டீரியோ அணைந்துவிட்டது, டிஸ்ப்ளேயில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. போன கடையில் பவர் பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு ஆண்ட்ராய்டு செட் ஒன்றை எடுத்து முன்னால் வைத்துவிட்டார்கள். "போன் சார்ஜர் வேலை செய்யுதா?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும், ஏனென்றால் சார்ஜரும் அன்றிலிருந்துதான் செத்துக் கிடந்தது. பல கார்களில் சார்ஜர் சாக்கெட்டுக்கும் ஸ்டீரியோவுக்கு வரும் சாவி சப்ளைக்கும் ஒரே ஃபியூஸ், சாக்கெட்டுக்குள் ஒரு நாணயம் விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். இங்கேயும் நாணயம்தான். ஒரு டீ காசில் தீர வேண்டிய வேலை.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்லித் தருவதாக நினைக்க வேண்டாம், காரோட்டுகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். வெளியில் வாங்கும் செட்களில் மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் சப்ளை, கடிகாரமும் ஸ்டேஷன்களும் அதை நம்பித்தான் நினைவில் நிற்கின்றன. சிவப்பு, சாவியை ஏசிசிக்கு (எஞ்சினை ஓட விடாமல் ஸ்டீரியோ மாதிரியானவற்றுக்கு மட்டும் கரண்ட் தரும் நிலை) அல்லது அதற்கு மேல் திருப்பினால் மட்டும் வருவது. கறுப்பு எர்த். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துக் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் பார்த்தால், நல்ல பேட்டரி என்றால் 12.6 பக்கம் காட்டும், எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.5-லிருந்து 14.5-க்குள் இருக்கும். சாவியைத் திருப்பினால் சிவப்பிலும் அதே அளவு வர வேண்டும். கறுப்பை விட்டுவிட்டு பாடியில் வைத்து அளக்கும்போது மட்டும் 12 வருகிறது என்றால் எர்த் போயிருக்கிறது, செட்டைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. இன்னொன்று, ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 12 காட்டிவிடும், பழைய எலக்ட்ரீஷியன்கள் டெஸ்ட் லேம்ப்பை விடாமல் வைத்திருப்பது அதனால்தான். பல்பு மங்கலாக எரிந்தால் அந்த ஜாயிண்டில் ஏதோ இருக்கிறது. ஆனால் அந்த லேம்ப்பை மஞ்சள் நிறக் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) பக்கம் மட்டும் கொண்டு போகாதீர்கள், ஏர்பேக் கப்ளர்களும் பெரும்பாலும் மஞ்சள்தான்.

மூன்றும் சரியாக இருந்தால் செட்டின் முதுகில் இருக்கும் ஃபியூஸ், பெரும்பாலும் சிவப்பு 10 ஆம்பியர் அல்லது நீலம் 15. அதுவும் நன்றாக இருந்தால் அப்போது சொல்லுங்கள், செட் போயிடுச்சு என்று. பேட்டரி மாற்றிய கையோடு வந்த வண்டியில் கம்பெனி செட் திருட்டுத் தடுப்பு கோட் கேட்டுக்கொண்டு நிற்பதையும் ரிப்பேர் கணக்கில் சேர்க்காதீர்கள், அதற்கு வேண்டியது கோட் நம்பர் மட்டும்தான்.

அடுத்து, கப்ளரை வெட்டுவது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காருக்கு ஏற்ற கன்வெர்ட்டர் கப்ளர் கடையிலேயே தொங்குகிறது, அதைப் போடாமல் கம்பெனி வயரை நறுக்கி, கையால் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி உள்ளே திணித்துவிடுகிறீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டுக்குள் அந்த டேப்பின் பசை இளகி வழுக்கிக்கொண்டு போய்விடும், அப்புறம் வயர் எதன் மேலாவது உரசி ஃபியூஸ் போகும். சால்டர் வைத்து, சூடாக்கினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டினால் எத்தனை நிமிடம் கூட ஆகும்? சில இடங்களில் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாகவே முறுக்கி பேட்டரி சப்ளையில் கொடுத்துவிடுகிறார்கள். சாவியை எடுத்தாலும் செட் அணையாது, நாலு நாள் ஊருக்குப் போய் வந்தால் பேட்டரி படுத்திருக்கும், அதற்கும் பழி பேட்டரி மேல். இரண்டையும் சேர்த்து ஏசிசியில் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் கடிகாரம் முதலிலிருந்து ஓடும். ஃபோக்ஸ்வேகன் வகையறாக்கள் சிலவற்றில் கப்ளரின் 4-ம் 7-ம் பின்கள் (பேட்டரி சப்ளையும் சாவி சப்ளையும்) இடம் மாறி வருவதால் இதே தொந்தரவு வரலாம், அங்கே வேலை இரண்டு பின்னை மாற்றிக் குத்துவதுதான்.

10 ஆம்பியர் ஃபியூஸ் போன இடத்தில் 30 போடுவதும், சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாளைச் சுற்றிச் சொருகுவதும் வேறு ரகம். வயர் எரிவதற்கு முன்னால் தான் எரியத்தான் ஃபியூஸ் இருக்கிறது. அப்படிச் செய்கிற கடையில் எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

உங்கள் பக்கத்து நியாயமும் தெரியும். அரை மணி நேரம் டேஷ்போர்டைக் கழற்றி ஒரு ஃபியூஸ் மாற்றினால், "இதுக்கு எதுக்கு இவ்வளவு காசு" என்று கேட்கிறவர்கள் நாங்கள்தான். செட் விற்றால்தான் உங்களுக்கு ஏதாவது மிஞ்சும் என்று ஆக்கி வைத்ததில் எங்களுக்கும் பங்குண்டு. அதனால் ஒன்று செய்யுங்கள், செக் பண்ண மட்டும் இவ்வளவு என்று ஒரு தொகையை போர்டில் எழுதிப் போடுங்கள். எந்த ஃபியூஸ் போயிருந்தது, எந்த வயரை எங்கே சேர்த்தீர்கள் என்பதை பில்லின் பின்பக்கம் குறித்துக் கொடுங்கள். மச்சானிடம் சொல்லிவிட்டேன், அப்படி போர்டு மாட்டிய கடை எங்கே இருந்தாலும் அடுத்த தடவை வண்டி அங்கேதான் வரும்.