கேட்டவருக்கும் கேட்காதவர்களுக்கும்

அன்புடையீர்,

சென்ற வாரம் உண்ணல் கோளாறுக்கான என் 20ஆவது சிகிச்சை அமர்வு முடிந்தது. இனி மூன்று மாதம் கழித்து வந்தால் போதுமாம். படியிறங்கும்போது, என்னை அந்தப் படியேற வைத்தவர்களை எண்ணிப் பார்த்தேன். பெயர் எழுதினால் சங்கடப்படுவீர்கள். படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி பல் மருத்துவருக்கு. பல் கூச்சம் என்று வந்தவளின் இன்னொரு கூச்சத்தையும் நீங்கள் கண்டுகொண்டீர்கள். வயிற்று அமிலம் அடிக்கடி வாய்க்கு ஏறினால் மேல்வரிசைப் பற்களின் உட்புறத்தில்தான் எனாமல் அரிக்குமாம். உதவியாளரை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு, "சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் பழக்கம் இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டீர்கள். 9 ஆண்டுகளில் யாரும் கேட்காத கேள்வி. வாந்திக்குப் பின் உடனே பல் துலக்க வேண்டாம், தண்ணீரில் கொப்பளியுங்கள் என்று மட்டும் சொல்லி, ஒரு மருத்துவரின் பெயரைச் சீட்டில் எழுதித் தந்தீர்கள். அறிவுரை சொல்லியிருந்தால் வேறு பல் மருத்துவரைத் தேடிப் போயிருப்பேன்.

மற்றவர்கள் கேட்காததில் வியப்பில்லை. என் நோயின் பெயர் புலிமியா: அடங்காமல் தின்பதும், பின் வாந்தி போன்றவற்றால் அதை ஈடுகட்டுவதும். அது உள்ளவர்களில் பலர் பார்வைக்குச் சாதாரணமாகவே இருப்பார்கள். உண்ணல் கோளாறு என்றால் எலும்பும் தோலுமாக இருக்க வேண்டும் என்று நானே நம்பினேன். எனக்கு நோயில்லை, நாக்கைக் கட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று இருந்தேன்.

மருத்துவர் அவர்களே, எடையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் முதலில் இரத்தம் எடுக்கச் சொன்னீர்கள். பொட்டாசியம் குறைந்திருந்தது, அது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும் என்று சொல்லி அன்றே இ.சி.ஜி. எடுத்தீர்கள். அன்றுதான் இதை நோய் என்று ஒப்புக்கொண்டேன்.

சிகிச்சையாளரிடம் எனக்குக் கொஞ்சம் சண்டையும் உண்டு. குறைத்துச் சாப்பிடக் கற்றுத் தருவார் என்று வந்தால், மூன்று வேளை உணவு, இடையில் சிற்றுணவு, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக்கூடாது என்கிறார்! உணவுக் குறிப்பேட்டில் இரண்டு வாரம் பொய் எழுதினேன். தெரிந்தும் பொறுத்துக்கொண்டீர்கள். பகல் பட்டினி இரவில் அடங்காமல் தின்ன வைக்கிறது, தின்ற குற்றவுணர்வு வாந்தியில் தள்ளுகிறது, மறுநாள் மீண்டும் பட்டினி. அந்தச் சக்கரத்தை என் கையாலேயே தாளில் வரைய வைத்தீர்கள். 11ஆவது வாரம் சறுக்கிவிட்டு வந்து அழுதபோது, "அன்று மதியம் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டீர்கள். சாப்பிட்டிருக்கவில்லை.

வியாழன் மாலைகளில் காரணம் கேட்காமல் சீக்கிரம் அனுப்பிய மேலாளருக்கும் நன்றி. நான் இளைத்த மாதங்களில் "என்ன ரகசியம்?" என்று பாராட்டியவர்களுக்கு நன்றி சொல்ல இன்னும் மனம் வரவில்லை.

அக்கா, சாப்பிட்டு முடித்த பிறகு வரும் ஒரு மணி நேரம்தான் கடினம் என்று ஒரே ஒருமுறை சொன்னேன். அன்றிலிருந்து இரவு 9 மணிக்கு அழைத்து உன் அலுவலகச் சண்டைகளை அவிழ்த்து விடுகிறாய். ஒரு நாள்கூட "சாப்பிட்டாயா?" என்று கேட்டதில்லை. நலம் விசாரிப்பதையே அந்தக் கேள்வியில் தொடங்குகிறவர்கள் நாம். அதை விழுங்க நீ எவ்வளவு பாடுபட்டிருப்பாய் என்று தெரியும்.

நேற்று உன் தலைமை எழுத்தர் கோப்பைத் தொலைத்த கதையைப் பாதியில் விட்டுவிட்டாய். இன்றும் 9 மணிக்கு அழை.