தடமும் தண்ணீரும் பார்த்துவிட்டு வீட்டைப் பார்

அன்புள்ள கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருக்கும் வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்தை நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டரை ஏக்கர், நடுவில் ஓட்டு வீடு, மாடி கிடையாது. அம்மாவின் முட்டி வலியை நினைத்துத்தான் படி ஏறாத வீடாகத் தேடினீர்கள் என்று சொன்னதில் இருந்து அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் வீடு இருக்கிறது. தடமும், அதாவது தோட்டத்துக்குப் போகிற வழியும், தண்ணீரும் ஒன்றில்கூட இல்லை. தோட்டம் வாங்குகிறவர்கள் முதலில் அந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

தார் ரோட்டில் இருந்து இட்டேரி ஒன்று உள்ளே போகிறது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, டிராக்டர் தாராளமாகப் போகலாம். ஆனால் பாதி தூரத்தில் அது திரும்பி வேறு தோட்டத்துக்குப் போய்விடுகிறது. மீதி தூரத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரரின் வரப்பை ஒட்டித்தான் வண்டி போகிறது. தரகரைக் கேட்டேன். "காலங்காலமாப் போய்ட்டுத்தான் இருக்கறோம், யாரும் தடுக்கலீங்க" என்றார். பக்கத்துக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அவர் பிள்ளைகள் விற்றால், வாங்குகிறவர் முதல் வேலையாகக் கம்பி வேலி போடுவார். அப்புறம் ஆம்புலன்ஸ்கூட வீட்டு வாசலுக்கு வர முடியாது. சர்வேத் துறையின் நில வரைபடமான புலப்படத்தில் வண்டிப்பாதை என்று குறித்திருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால், அந்தப் பக்கத்துக்காரரிடம் பாதை பாத்தியம், அதாவது அவர் நிலத்தில் போய்வரும் உரிமை, எழுதி வாங்கி ரிஜிஸ்டர் செய்து தர வேண்டியது விற்கிறவரின் பொறுப்பு. அது நடக்காமல் ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது.

கிணறு பொதுக் கிணறு. நாலில் ஒரு பங்குதான் நமக்கு. அது தப்பில்லை, எங்கள் அப்பா காலத்தில் இருந்து முறை வைத்துத்தான் இறைத்தோம். ஆனால் கிணற்றில் எத்தனை பங்கு, மோட்டாரிலும் கரண்ட் இணைப்பிலும் எத்தனை பங்கு, எந்தெந்த நாள் நம் முறை என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, தோட்டத்து இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுக்கக் கூடாது. வீட்டுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது, மீட்டரையும் பார்த்தேன்.

"பி.ஏ.பி. பாசனம்" என்று தரகர் பெருமையாகச் சொல்கிறார். பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர் வருவது உண்மைதான். ஆனால் ஆயக்கட்டை, அதாவது பாசன நிலத்தை, நான்கு மண்டலமாகப் பிரித்து முறை போட்டுத்தான் விடுகிறார்கள், வெள்ளகோவில் வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடை. வாய்க்காலை நம்பிக் கணக்குப் போடாதே. கிணற்றையும் தோட்டத்தில் இருக்கிற போர்வெல்லையும் வைத்துத்தான் கணக்கு. போர்வெல் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தேன். லேசான சப்பு, கரிப்பு இல்லை. தென்னைக்குப் போதும். குடிக்க ஆகுமா என்று பரிசோதனைக்குக் கொடுக்க ஒரு பாட்டிலில் பிடித்து வந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை சொன்ன நொய்யல் ஆற்றங்கரைப் பூமி விலை குறைவுதான். எதனால் என்று அவருக்குச் சொல். அந்த ஆற்றில் பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது. சுற்று வட்டாரக் கிணறுகள் கெட்டு, விவசாயிகள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆனால் நிலத்துக்குள் இறங்கிய உப்பு கோர்ட் உத்தரவுக்கு வெளியேறுமா? அந்தப் பக்கம் வேண்டாம் கண்ணு.

பத்திரத்துக்கு வருகிறேன். இது பூர்வீகச் சொத்து. விற்கிறவருக்கு இரண்டு தங்கைகள், இருவரையும் வெளியூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பூர்வீகச் சொத்தில் பெண் பிள்ளைகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது, நாடு முழுக்க 2005-இல் வந்தது. அந்த இரண்டு பேரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டால் தரகர் பேச்சை மாற்றுகிறார். அவர்கள் கையெழுத்து இல்லாமல் கிரயம் முடித்தால் பின்னால் வழக்கு வரும். வழக்கு வராவிட்டாலும், ஒரு வீட்டுப் பெண்களின் பங்கை மறைத்து விற்ற பூமியில் நீ போய் விளக்கேற்றுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

வீடு எனக்குப் பிடித்திருக்கிறது. கூரைக்குப் பனங்கை, அதாவது பனைமரச் சட்டம், போட்டிருக்கிறார்கள், எல்லாம் நல்ல வயிரம் பாய்ந்து கன்னங்கரேலென்று இருக்கிறது, மோட்டு வளையில் தொய்வு இல்லை. நாணயத்தால் ஒவ்வொரு நிலையாகத் தட்டிப் பார்த்தேன். முன் கதவு நிலை கணீரென்றது. பின் கதவு நிலையின் அடியில் பொத்தென்று சத்தம், விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது, கரையான் மண் உதிர்கிறது. அந்த நிலையை மாற்றி, சுவரடியில் மருந்து அடித்தால் போதும். கக்கூஸ் மட்டும் வெளியே தள்ளி, மூன்று படி ஏறும்படி இருக்கிறது. அம்மாவுக்காகப் படி இல்லாத வீடு என்று வாங்கிவிட்டு ராத்திரியில் அவள் டார்ச் பிடித்துக்கொண்டு கட்டுவிரியன் நடமாடுகிற வாசலில் போய்ப் படி ஏறக் கூடாது. படுக்கை அறையை ஒட்டி வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்று கட்டிவிடலாம். கழிவுத் தொட்டியைக் கிணற்றில் இருந்து நன்றாகத் தள்ளித் தோண்டச் சொல்ல வேண்டும். அந்தச் செலவையும், முத்திரைக்கு நூற்றுக்கு 7, பதிவுக்கு 2 என்று ஆகிற பத்திரச் செலவையும் விலையோடு சேர்த்துப் பார்த்துவிட்டு லோனுக்குப் போங்கள்.

திங்கட்கிழமை வில்லங்கச் சான்றுக்கும் தாய்ப்பத்திர நகலுக்கும் மனு போடுகிறேன். நம் வக்கீல் படித்துப் பார்க்கட்டும். அதற்குள் அட்வான்ஸ் கேட்டு தரகர் உனக்குப் போன் செய்தால், அப்பாவிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிடு.

அன்புடன்,
அப்பா