ரிங்க் குளிரூட்டிக்கு இன்னும் 8,650 டாலர்: செப்டம்பர் 30 கடைசி நாள்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் சாஸ்கட்செவன் மாகாணத்தில் கிண்டர்ஸ்லி, ரோஸ்டவுன், எஸ்டன் பக்கத்துச் சிற்றூர்களில் இருக்கும் நம் குடும்பங்களுக்கும், முன்பு இங்கே வாழ்ந்து இப்போது சாஸ்கட்டூன், கால்கரி, டொராண்டோ என்று போய்விட்டவர்களுக்கும் இதை எழுதுகிறோம். விஷயம் நம் ஊர் ரிங்க், அதாவது பனிச்சறுக்குத் தளம். பிப்ரவரியில் குளிரூட்டி நின்றுபோனது எல்லோருக்கும் தெரியும். புதியது பொருத்த ஒப்பந்தக்காரர் சொன்ன விலை செப்டம்பர் 30 வரைதான் செல்லும். தமிழ்க் குடும்பங்கள் சார்பில் நாம் தருவதாகச் சொன்னது 15,000 டாலர். இன்றுவரை கைக்கு வந்தது 6,350. இன்னும் 8,650 வேண்டும்.

இங்கே புதிதாக வந்திருக்கும் மூன்று குடும்பங்கள் "ஒரு பனிச்சறுக்குத் தளத்துக்கா இவ்வளவு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறோம்.

சாஸ்கட்டூனிலிருந்து 7-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே வரும்போது பார்த்திருப்பீர்கள். மைல் கணக்கில் மேடு பள்ளமே இல்லாத நிலம், தூரத்தில் தானியக் கிடங்கின் தலை, அப்புறம் ஒரு ஊர். இந்த ஊர்கள் வரிசையாக எட்டு, பத்து மைலுக்கு ஒன்று என்று இருப்பதற்குக் காரணம் உண்டு. குதிரை வண்டியில் கோதுமையை ஏற்றி ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு விவசாயி அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும். அந்தக் கணக்கில்தான் ரயில் கம்பெனிகள் நிலையங்களை வைத்தன. அதற்கு முன்னால் இது பைசன் மந்தைகளைத் தொடர்ந்து வாழ்ந்த க்ரீ, நகோடா பழங்குடி மக்களின் பூமி. அவர்களை ஒதுக்கிவிட்டுத்தான் நிலம் சதுரம் சதுரமாக அளக்கப்பட்டது. 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர். மூன்று ஆண்டுக்குள் வீடு கட்டி, உழுது காட்ட வேண்டும். 1857-இல் இந்தப் பக்கம் ஆய்வுக்கு வந்த ஜான் பாலிசர், தெற்குப் பகுதி விவசாயத்துக்கு ஆகாத வறண்ட முக்கோணம் என்று எழுதினார். பிறகு வந்த குடியானவர்கள் அதே மண்ணில் கோதுமை விளைவித்தார்கள்.

1930-களில் மழை பொய்த்தது. மண் காற்றோடு பறந்தது. கிழக்கு மாகாணங்கள் ரயில் பெட்டிகளில் ஆப்பிளும் உப்பிட்ட காட் மீனும் நிவாரணமாக அனுப்பின. மீனை எப்படிச் சமைப்பது என்று இங்கே பலருக்குத் தெரியவில்லை. இதைச் சொன்ன ஊர்ப் பெரியவரிடம், கருவாட்டை முதலில் ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும் என்று நம் வீட்டு அம்மா ஒருவர் விளக்கினார். அந்தப் பெரியவர், தன் பாட்டியிடம் இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கக்கூடாதா என்று நெகிழ்ந்துபோனார்.

பஞ்சத்துக்கு முன்பே இந்த ஊர்க்காரர்கள் படித்து, பஞ்சத்தில் உறுதிப்பட்ட பாடம்தான் இன்றுவரை இங்கே சட்டம்: தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்வது. கோதுமை விற்கக் கூட்டுறவு, மளிகைக்குக் கூட்டுறவு, பல ஊராட்சிகள் சேர்ந்து ஒரு ஆஸ்பத்திரி. 1946-இல் தெற்கே ஸ்விஃப்ட் கரண்ட் வட்டாரம் தன் மக்கள் அனைவருக்கும் வரிப்பணத்தில் மருத்துவம் தொடங்கியது. டாமி டக்ளஸ் முதல்வராக இருந்து வகுத்த திட்டம் 1962 ஜூலை 1-இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. பிறகு நாடே அதைப் பின்பற்றியது. நம் பிள்ளைகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு டாலர்கூடக் கேட்காமல் அனுப்பினார்களே, அதன் வேர் இந்தச் சிற்றூர்களில்தான் இருக்கிறது.

நம் அடுப்படிக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு உறவு உண்டு. சாஸ்கட்செவன் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லின்கார்ட் என்ற ஆய்வாளர் 1970-களில் இந்தக் குளிருக்கும் வறட்சிக்கும் தாங்கும் லென்டில் (மைசூர்ப் பருப்பு) ரகங்களைத் தேர்ந்தெடுத்தார். 1978-இல் வந்த ரகத்துக்கு லேயர்ட் என்றும், 1980-இல் வந்ததற்கு எஸ்டன் என்றும் பெயர். இரண்டுமே இந்த மாகாணத்துச் சிற்றூர்களின் பெயர்கள். இன்று உலகிலேயே அதிகமாக இந்தப் பருப்பை ஏற்றுமதி செய்வது கனடா. அதில் பெரும்பகுதி விளைவது சாஸ்கட்செவனில். யாழ்ப்பாணத்தில் அம்மா தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சிய பருப்பு நம் பக்கத்து வயலில் விளைந்ததாகவும் இருந்திருக்கலாம். நாம் இங்கே வருவதற்கு முன்பே இந்த ஊரின் சோற்றைச் சாப்பிட்டவர்கள்.

சரி, ரிங்க்குக்கு வருவோம். 1931-இல் இந்த மாகாணத்தின் மக்கள்தொகை 921,785. 2021-இல் 1,132,505. தொண்ணூறு ஆண்டில் ஏறியது இவ்வளவுதான். அதற்குள் ஆட்கள் நகரங்களுக்குப் போனதால் சிற்றூர்கள் மெலிந்துவிட்டன. முதலில் ரயில் போகும், பிறகு தானியக் கிடங்கு, பிறகு பள்ளிக்கூடம். ரிங்க்கும் மூடிவிட்டால் அந்த ஊரில் குளிர்காலத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இடம் இருக்காது. மைனஸ் 35-இல் தெருவில் நின்று பேச முடியுமா? நம் ஊரில் ஹாக்கி, கர்லிங், பெண் பிள்ளைகளின் ஸ்கேட்டிங் விழா எல்லாம் அங்கேதான். ஃபால் சப்பர் என்ற இலையுதிர்கால ஊர் விருந்து, இழவு வீட்டுச் சாப்பாடு, வாக்குப்பதிவும் அங்கேதான். சென்ற மூன்று தைப்பொங்கலையும் மாடிக் கூடத்தில்தான் வைத்தோம், வாடகை வாங்கவில்லை. பால் பொங்கியபோது குலவை போட்டவர்களில் பாதிப் பேர் உக்ரைன் வம்சாவளிப் பாட்டிமார்.

பேட்ரிக் மார்லோ என்ற பெயரை உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். வரலாற்றிலேயே அதிக ஆட்டங்கள், 1,779, ஆடியவர். ஐம்பது பேர் அளவுக்கே இருக்கும் அனராய்ட் என்ற சிற்றூரை ஒட்டிய பண்ணையில் வளர்ந்தவர். 2021-இல் அவர் முறியடித்தது கார்டி ஹோவின் 1,767 ஆட்டச் சாதனையை. ஹோவும் இதே மாகாணத்தில், ஃப்ளோரல் என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். இந்த மாகாணத்துப் பிள்ளைகள் பலர் ஸ்கேட் கட்டப் பழகியது ஊரார் சேர்ந்து வைத்த பனித்தளங்களில்தான். நம் ரிங்க்கும் அப்படித்தான். ஐம்பது ஆண்டுக்கு முன்பு விவசாயிகள் அறுவடை முடிந்த கையோடு தாங்களே மரம் ஏற்றி வந்து, தாங்களே ஆணியடித்து எழுப்பியது. அதில் வேலை செய்தவர்களில் நான்கு பேர் இன்னும் காலை பத்து மணிக்கு அங்கே காப்பி குடிக்க வருகிறார்கள்.

இப்போது கணக்கு. தரைக்குக் கீழே குழாய்களில் ஓடும் உப்புநீரை அம்மோனியா குளிர்விக்கிறது. அப்படிக் குளிர்விக்கும் கலத்தின் உள்குழாய்கள் அரித்துவிட்டன. ஒட்டுப் போட்டு ஓட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். கூடாது. 2017 அக்டோபரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி ஊர் ரிங்க்கில் இதே மாதிரியான பழைய கலத்தில் ஓட்டை விழுந்து அம்மோனியா கசிந்ததில் மூன்று பேர் இறந்தார்கள். நம் பிள்ளைகள் ஆடும் இடத்தில் அந்த ஆபத்தை வைக்க முடியாது.

மொத்தச் செலவு 386,000 டாலர். ஊராட்சிகள் தருவது 140,000. மானியம் 95,000. ஊரில் சேர்ந்தது 88,400. குறைவது 62,600. அதில் நம் பாக்கி 8,650.

ஏற்கெனவே தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ் அக்கா, ஒரு மாத மிகைநேரச் சம்பளத்தை அப்படியே உறையில் போட்டுக் கொடுத்தார். மோட்டல் நடத்தும் கோயம்புத்தூர் அண்ணன், ரிங்க் நிதிக்கான ஏலத்துக்கு வந்த குழுவுக்கு நான்கு அறைகளை இலவசமாகத் தந்ததோடு 1,000 டாலரும் போட்டார். இடியப்பமும் சொதியும் விற்று 740 டாலர் திரட்டிய வல்வெட்டித்துறை அக்காமார் மூவர் விடிகாலை நான்கு மணிக்கு அடுப்பு பற்றவைத்தவர்கள். ஊரை விட்டுப் போய் ஆறு வருடமாகியும் கால்கரியிலிருந்து 500 அனுப்பிய தம்பி, "நான் விழுந்து எழும்பப் பழகின இடம்" என்று குறிப்பும் எழுதியிருந்தார். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி உண்டியலை உடைத்துத் தந்த 23 டாலர் 40 சதத்தைக் கணக்குப் புத்தகத்தில் முதல் வரியாக எழுதியிருக்கிறோம். அந்தப் பிள்ளைக்கும், உங்கள் எல்லோருக்கும் பிள்ளையார் துணை இருக்க வேண்டும்.

மனம் விட்டு ஒன்று சொல்லியாக வேண்டும். மார்ச் கூட்டத்தில் பதினொரு குடும்பங்கள் கை தூக்கின. தந்தவை ஆறு. அந்தக் கூட்டத்தில் ஊர்க்காரர்களும் இருந்தார்கள், நாம் சொன்ன தொகையைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டார்கள். அது இன்னும் நுழைவாயிலில் இருக்கிறது. நம் ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்காமல் தேருக்கு முன்னால் நிற்க நம் அப்பாமார் கூசியிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் உபயகாரர் தம் நாள் வந்தும் வராமல் இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறோமா? இதுவும் அப்படிப்பட்ட கடமைதான். கஷ்டத்தில் இருப்பவர்கள் தயங்காமல் சொல்லுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டோம். முடிந்தும் தள்ளிப்போடுபவர்களைத்தான் கேட்கிறோம்.

குடும்பத்துக்கு 300 டாலர் என்று வைத்திருக்கிறோம். கூடவும் தரலாம், இரண்டு தவணையாகவும் தரலாம். இ-டிரான்ஸ்ஃபர் அனுப்பலாம், காசோலையும் தரலாம். பொருளாளர் விவரம் மார்ச் கூட்டக் குறிப்பில் இருக்கிறது. 20 டாலருக்கு மேல் தருவோருக்கு வரிச்சலுகை ரசீதை ஊர் அலுவலகம் அனுப்பும். செப்டம்பர் 28 ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மாடிக் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, மறுநாள் காலை ஊர் அலுவலகத்தில் கட்டுகிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள். தேநீரும் வடையும் இருக்கும்.

இப்படிக்கு,
தமிழ்க் குடும்பங்களின் ரிங்க் நிதிக் குழு