இராஜமலையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்ட அக்காவுக்கு

மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்வதாகச் சொன்னீர்கள். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

கடந்த ஏப்ரலில் இரவிகுளம் தேசியப் பூங்காவின் இராஜமலைப் பகுதியில், வனத்துறைப் பேருந்திலிருந்து இறங்கி மேட்டில் ஏறும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பனிமூட்டம் வேறு. நான் பதறி நின்றபோது, உங்கள் கம்பளிச் சால்வையை அம்மாவின் தோளில் போர்த்திவிட்டு, "அவசரம் வேண்டாம்மா, உட்காருங்க. வரையாடு அதுவே நம்மைத் தேடி வரும்" என்றீர்கள்.

அப்படியேதான் வந்தது. மூடுபனி விலகியதும் பாறை விளிம்பில் ஏழெட்டு வரையாடுகள். அம்மா "மான்!" என்று கூவினார். நீங்கள் மென்மையாகத் திருத்தினீர்கள்: வரை என்றால் மலை, இது மலையாடு. முதுகில் சேணம்போல் வெண்மை படர்ந்திருந்த ஆடு வயதான கிடா. தாயை ஒட்டி நின்றவை குட்டிகள். அவை பிறக்கும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவைக்கிறார்கள் என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கை எனக்கு அறிமுகப்படுத்த, கேரளத்தில் வாழும் ஒரு தமிழ்ப் பெண் வேண்டியிருந்தது.

கீழே இறங்கும்வரை அம்மாவின் கையை நீங்கள் விடவில்லை. சால்வையைத் திருப்பித் தரும் முன்பே உங்கள் பேருந்து புறப்பட்டுவிட்டது. துவைத்து மடித்து வைத்திருக்கிறோம், அக்கா. இந்த அக்காவைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்.