அமர்வு முடிந்த பிறகு எங்களுக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்

மனநல மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் சேவையை நடத்தும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். உங்கள் மொழி தெரியாத நோயாளிகளுக்காக ஆலோசனை அறைகளில் மொழிபெயர்க்க வரும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி.

நோயாளி சொல்வதை "அவர்" என்று மாற்றாமல் "நான்" என்றே சொல்ல வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தருகிறீர்கள். சரியான நடைமுறைதான், அவர் உங்களோடு நேராகப் பேசுவதுபோல் இருக்கும். ஆனால் ஒரு தாய் தன் பிள்ளை இறந்த இரவைப் பற்றிச் சொல்லும்போது, "என் பிள்ளையை என்னால் தூக்க முடியவில்லை" என்று நான் என் வாயால் சொல்கிறேன். குரல் தடுமாறக் கூடாது, ஒரு விவரமும் விட்டுப்போகக் கூடாது. எங்களில் பலர் அதே மாதிரி இழப்புகளோடு தப்பி வந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அமர்வு முடிந்ததும் நீங்கள் குறிப்பு எழுதத் தொடங்குகிறீர்கள். நானும் அந்தத் தாயும் ஒன்றாக வெளியே வந்து ஒரே பஸ் நிறுத்தத்தில் நிற்கிறோம். அவர் என் போன் நம்பரைக் கேட்கிறார். கொடுக்கக் கூடாது என்பது விதி. அவர் மனம் நோகாமல் அதை எப்படிச் சொல்வது என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. அப்புறம் வீட்டில் போய்ப் பேசவும் வழியில்லை, ரகசியம் காப்பதாக உறுதி கொடுத்திருக்கிறோம்.

பிறர் துயரத்தைத் தொடர்ந்து கேட்பவரின் மனமும் பாதிக்கப்படும் என்று உங்கள் துறை 1990-களிலிருந்தே எழுதிவருகிறது. 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடும், வேலையின் காரணமாகக் கொடூரமான விவரங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆளாவது மனவடுவை உண்டாக்கலாம் என்று ஏற்கிறது. சிகிச்சையாளர்களுக்கு, கேட்டதையும் அதன் பாரத்தையும் அனுபவமுள்ள ஒருவரோடு பேசும் மேற்பார்வை அமர்வுகள் இருப்பதும் இதனால்தானே? அதே அறையில் அதே கதையைக் கேட்கும் எங்களை ஏன் கணக்கில் எடுப்பதில்லை?

உள்ளே போகும் முன், இன்று எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள். நோயாளி கிளம்பிய பிறகு கதவைச் சாத்திவிட்டு எங்களோடு பத்து நிமிடம் உட்காருங்கள். மேற்பார்வைக் கூட்டங்களில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "இவருக்கு என்னால் மொழிபெயர்க்க முடியாது" என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்டுக் குடையாதீர்கள், அதற்காக அடுத்த முறை அவரை அழைக்காமலும் விடாதீர்கள். சம்பளம் வாங்காதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்ற நினைப்பு சில இடங்களில் இருக்கிறது. எனக்கு அது புரியவே இல்லை. நோய் விடுப்போ ஊழியர் நலத் திட்டமோ இல்லாத எங்களுக்குத்தான் இது கூடுதலாகத் தேவை.

அடுத்த அட்டவணை போடும்போது, மொழிபெயர்ப்பாளர் இருக்கும் 50 நிமிட அமர்வுகளை 60 நிமிடமாகப் பதிவு செய்யுங்கள். இதற்குத் தனி நிதியோ புதுக் குழுவோ வேண்டாம், நீங்கள் சொன்னால் நாளையே தொடங்கலாம்.

அன்புடன்,
ஒரு தன்னார்வ மொழிபெயர்ப்பாளர்