'டின் மென்' தந்திரங்கள் மிகையல்ல

ஆசிரியருக்கு,

கடந்த இதழின் நகைச்சுவைப் படக் கட்டுரை, பேரி லெவின்சனின் 'டின் மென்' (1987) படத்தை இரண்டு காடிலாக் கார்கள் மோதி மூண்ட சண்டையாகவே பார்க்கிறது. அதில் வரும் விற்பனைத் தந்திரங்கள் மிகை என்றும் சொல்கிறது. அங்கேதான் இடிக்கிறது.

கதை நடப்பது 1963, பால்டிமோர். ரிச்சர்ட் டிரேஃபஸும் டேனி டிவிட்டோவும், வீட்டுச் சுவருக்கு அலுமினியத் தகடு போர்த்தும் வேலையை வாசல் வாசலாக ஏறி விற்கும் போட்டியாளர்கள். 'லைஃப்' பத்திரிகைக்காகப் படமெடுப்பதாக விற்பனையாளர்கள் கேமராவோடு ஒரு வீட்டு முன் நிற்பார்கள். 'தகடு போடுவதற்கு முன்' படத்துக்கு உங்கள் வீடு என்றதும் அந்த அம்மாளுக்குச் சுருக்கென்றிருக்கும். 'பின்' படத்தில் தன் வீடு வரக்கூடாதா என்று அவரே கேட்பார். அதுவரை யாரும் விலையைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்கள்! ஐந்து டாலர் நோட்டைத் தரையில் போட்டு, 'இது உங்களுடையதா?' என்று எடுத்து நீட்டுவதும் இதே வித்தைதான். ஐந்து டாலருக்கு நாணயஸ்தன் என்ற பெயர் கிடைத்துவிடுகிறது.

தகடு பொருத்தும் வேலைக்குப் படம் நேரம் ஒதுக்கவில்லை. வீட்டுக்காரர் மாட்டிக்கொள்வது அதில்தான். தகடு கீழிருந்து மேலே ஏறும். அடியில் போடும் முதல் பட்டை மட்டம் தவறினால் கூரை வரை எல்லா வரிசையும் கோணும். ஆணியைத் தகட்டிலுள்ள நீள்துளையின் நடுவில், தலை தகட்டை அழுத்தாமல் அடிக்க வேண்டும். அலுமினியம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். இறுக்கி அறைந்தால் நகர இடமின்றி அலையலையாகப் புடைக்கும். குளிர்காலத்தில் போட்ட தகட்டின் குறை கோடையில்தான் கண்ணில் படும். அதற்குள் விற்றவர் கமிஷனை வாங்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போயிருப்பார். பந்து பட்டுக் குழிந்த தகட்டைப் பழையபடி நிமிர்த்துவதும் லேசல்ல.

படத்தில் இந்த விற்பனையாளர்கள் மீது நடக்கும் விசாரணையும் வெறும் கற்பனையல்ல. பால்டிமோர் இருக்கும் மேரிலாந்து மாநிலத்தில் வீட்டுச் சீரமைப்புத் தொழிலுக்கு உரிமம் தரும் ஆணையம் 1962இல் வந்தது. வாசலில் போட்ட கையெழுத்தை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்ற அமெரிக்க மத்திய அரசின் விதியோ 1974இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட அந்தக் காலத்தில் படம் நடப்பதால்தான் இரு நாயகர்களும் இவ்வளவு தெம்பாக வாய் வீசுகிறார்கள்.

இன்னொன்று: உணவகத்தில் 'பொனான்சா' என்ற அமெரிக்கக் கௌபாய் டிவி தொடரைப் பிய்த்தெடுக்கும் அரட்டையைக் கட்டுரையாளர் எப்படி விட்டார்? ஐம்பது வயது அப்பனுக்கு நாற்பத்தேழு வயதுப் பிள்ளைகள் மூன்று பேரா என்ற கேள்விக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம்.

– வாசகர், மதுரை