ஆறாம் நாள் எப்போதும் திங்கட்கிழமைதான்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 10 நாள் ஐரோப்பியச் சுற்றுலாவில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் காட்டாத இடங்களுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

நானும் என் மனைவியும் ஆளுக்கு 2,85,000 ரூபாய் கட்டி, கடந்த மே மாதம் உங்கள் சுற்றுலாவில் போய் வந்தோம். ஒன்பது நாட்களைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. ஒருநாள் சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தார்கள், அதை விட்டுவிடலாம். என் புகார் ஆறாம் நாளைப் பற்றியது.

நீங்கள் அச்சிட்டுக் கொடுத்த பயணத் திட்டத்தில் அந்த நாளுக்கு எதிரே இப்படி இருக்கிறது: "அக்காதெமியா கலைக்கூடத்தில் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை, உஃபிசி கலைக்கூடம். நுழைவுக் கட்டணம் உட்பட." நான் 31 வருடம் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன். அந்தச் சிலையின் வலது கையைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்து காட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. உடம்புக்குக் கொஞ்சம் பெரிதான கை, புறங்கையில் புடைத்த நரம்பு. இந்த ஒரு வரிக்காகத்தான் விலை குறைவாகச் சொன்ன இன்னொரு கம்பெனியை விட்டு உங்களிடம் வந்தேன்.

நாங்கள் போனது திங்கட்கிழமை. அக்காதெமியா, உஃபிசி இரண்டுக்குமே திங்கள் வார விடுமுறை.

பழைய நகருக்குள் சுற்றுலாப் பேருந்துகளை விடுவதில்லை என்று வெளியே இறக்கி நடக்க வைத்தார்கள். சரி, அது ஊர்ச் சட்டம். சிஞோரியா சதுக்கம் வந்ததும் உங்கள் டூர் மேனேஜர், பழைய அரண்மனை வாசலில் நிற்கும் சிலையைக் காட்டி, "இதுதான் டேவிட், பத்து நிமிஷம், போட்டோ எடுத்துக்கங்க" என்றார். அது நகல். வெயிலிலும் மழையிலும் கெடாமல் இருக்க அசலை 1873இல் அக்காதெமியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இந்த நகலை 1910இல் வைத்தார்கள். இதை நான் சொன்னபோது, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். கூட வந்தவர்களில் பாதிப்பேர் அசலைப் பார்த்துவிட்டதாகவே வீட்டுக்குப் படம் அனுப்பினார்கள். அதே சதுக்கத்தின் ஓரத்தில் செல்லினி என்ற சிற்பி செய்த, கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸின் வெண்கலச் சிலை அசலாகவே நிற்கிறது. அதைக் காட்ட ஒருவரும் இல்லை.

எல்லாம் ஒன்று இல்லை, மேலாளர் அவர்களே. 1464இல் வேறொரு சிற்பி கை வைத்துவிட்டுப் போன பளிங்குக் கல்லை எடுத்து, மைக்கலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட சிலை அது. அக்காதெமியாவில் அதை நோக்கி நடக்கும் வழியில்தான், கல்லுக்குள்ளிருந்து உடம்பு திமிறி வரப் பார்ப்பது போல, அவர் பாதியில் விட்ட 'கைதிகள்' சிலைகளும் இருக்கின்றன. எனக்கு டேவிட்டைவிட அவற்றின் மேல்தான் ஆசை அதிகம்.

அப்புறம் கதீட்ரல். எதிரே உள்ள ஞானஸ்நானக் கோயிலில், சிற்பி கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை 27 வருடம் உழைத்துச் செய்த 'சொர்க்க வாசல்' கதவு. இப்போது மாட்டியிருப்பது அதன் நகல்தான். அசல், கதீட்ரலுக்குப் பின்னாலேயே உள்ள துவோமோ (கதீட்ரல்) அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது திங்கட்கிழமையும் திறந்திருக்கும். மைக்கலாஞ்சலோ முதுமையில் செதுக்கிய, இறந்த இயேசுவைத் தாங்கி நிற்கும் பியெத்தா சிலையும் அங்கேதான் இருக்கிறது. அங்கேயாவது கூட்டிப் போகச் சொன்னேன். அப்படி ஓர் இடம் இருப்பதே டூர் மேனேஜருக்குத் தெரியவில்லை. நேரமும் இல்லையாம். ஆனால் தோல் பொருள் கடையில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். பெல்ட் உண்மையான தோல்தான் என்று லைட்டரைப் பற்றவைத்துக் காட்டினார்கள். அன்றைக்கு எங்களுக்கு அசல் என்று காட்டப்பட்ட ஒரே பொருள் அந்த பெல்ட்தான்.

ஊர் திரும்பி உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எதிர்பாராத சூழ்நிலையில் திட்டம் மாறலாம் என்று நிபந்தனையில் இருக்கிறதாம். திங்கட்கிழமை வாராவாரம் வருகிறது, அது என்ன புயலா வெள்ளமா? இதில் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் விளம்பரத்தின்படி குழுக்கள் எல்லாமே புதன்கிழமைகளில்தான் கிளம்புகின்றன. புதனை முதல் நாளாக வைத்து எண்ணிப் பாருங்கள், ஆறாம் நாள் எப்போதும் திங்கள்தான். அப்படியென்றால் இந்தத் திட்டத்தில் உங்களோடு போன எந்தக் குழுவும் அக்காதெமியாவுக்குள் போயிருக்க முடியாது. நுழைவுக் கட்டணம் மட்டும் எல்லோரிடமும் வாங்கியிருக்கிறீர்கள்.

எங்கள் இருவருக்கும் ஒரு நாள் செலவு 57,000 ரூபாய் ஆகிறது. பேருந்து, சாப்பாடு, அறை எல்லாம் கொடுத்தீர்கள். அதற்காகப் பாதியைக் கழித்து 28,500 ரூபாய் மட்டும் கேட்கிறேன். புறப்படும் கிழமையை மாற்றுங்கள், இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். உங்கள் அலுவலகம் சென்னையில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

பயணத் திட்டம், பணம் கட்டிய ரசீது, அக்காதெமியாவின் மூடிய கதவுக்கு முன்னால் என் மனைவி எடுத்த என் புகைப்படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்